கண்டேன், அறிவேன்

ஆங்கிலப் பாடம் படித்தவர் எவரும், பாடுதலைக் குறிக்கும் 'சிங்' என்ற வினை 'சாங்' என்றும் 'சங்' என்றும் உருமாறுவதை நெட்டுருச் செய்து, இதற்கு ஒரு நியமமும் கிடையாதா என்று சலித்திருப்பர். அம்மாற்றமே ஆங்கிலம், ஜெர்மன், டச்சு, சுவீடிஷ் முதலிய பாஷைகளுக்கெல்லாம் தாயாக இருந்து மறைந்த ஆதி ஜெர்மானிய மொழியின் பழைய நியமம். 1819-ல் தம் ஜெர்மன் இலக்கணத்தை வெளியிடத் தொடங்கிய யாக்கோப் கிரிம், இவ்வாறு உள்ளிருக்கும் உயிரொலி மாறி இறந்தகாலம் காட்டுபவற்றை வலிய வினைகள் என்றும், இறுதியில் ஒரு விகுதியை ஒட்டிக்கொள்பவற்றை மெலிய வினைகள் என்றும் வகுத்தார். புதிதாகத் தோன்றும் வினைகள் பெரும்பாலும் மெலிய இனத்திலேயே சேர்கின்றன. பழையவற்றிலும் பல அவ்வழியே சென்றன. உண்ணல், குடித்தல், வருதல், காணல் என நாள்தோறும் நாவில் வழங்கும் வினைகள்தாம் பழைய உருவை விடாமல் காத்துவருகின்றன.

இவ்வினைகளின் தொன்மையை அறியப் பெருந்துணை புரிவது, நான்காம் நூற்றாண்டில் வுல்ஃபிலா என்ற பாதிரியார் கோத்திக் மொழியில் பெயர்த்த விவிலியம். ஊதாநிறத் தோலில் வெள்ளி எழுத்துக்களால் எழுதப்பட்ட அதன் பிரதி ஒன்று இன்றும் சுவீடன் தேசத்து உப்சாலா நகரில் இருக்கிறது.

அம்மொழியில் 'வைட்' என்றால் 'அறிவேன்' என்பது பொருள். ஜெர்மனின் 'வைஸ்', டச்சின் 'வேட்' ஆகியவை அதன் உடன்பிறப்புக்கள். இச்சொல்லின் அமைப்பை ஆராய்ந்தால், நிகழ்காலப் பொருள் தரும் இது உண்மையில் பழைய இறந்தகால வடிவம் என்பதும், அதன் தாது 'காணுதல்' என்ற பொருளுடையது என்பதும் புலனாகும். 'கண்டுவிட்டேன்' என்பதே 'அறிவேன்' என்றாயிற்று. ஸம்ஸ்கிருதத்தில் 'வேத' என்ற வினையும் இதே தாதுவில், இதே அமைப்பில், இதே பொருளில் நிற்கிறது. நாம் வழங்கும் வேதம், வித்தை என்ற சொற்களும் அத்தாதுவிலிருந்து பிறந்தவையே. மனிதன் அறிவு என்று எதைக் கருதினான் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சியம் ஒன்று எனக்குத் தெரியவில்லை.

ஆங்கிலத்தில் ஆற்றலைக் குறிக்கும் 'கேன்' என்பதும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. ஞானம் என்ற சொல்லுக்கு மூலமான தாதுவே அதற்கும் மூலமாதலால், அது முதலில் 'அறிவேன்' என்றே பொருள்பட்டு, செய்யத் தெரிந்தவனே செய்ய வல்லவன் என்ற நினைவினால் 'இயலும்' என்று மாறியது. எதிர்காலம் உரைக்கும் 'ஷல்' என்பதோ, பூர்வத்தில் 'கடன்பட்டிருக்கிறேன்' என்று பொருள்பட்ட சொல். ஜெர்மனில் அதன் இனமான 'ஷுல்ட்' இன்றும் கடனையும் குற்றத்தையும் ஒருங்கே குறிக்கிறது. கடன் கடமையாகி, கடமை வருங்காலமாகிய இந்தப் பரிணாமம் வியக்கத்தக்கது.

எழுத்து, படிப்பு பற்றிய வினைகளும் சுவையானவை. ஆங்கில 'ரைட்' பண்டு கீறுதலைக் குறித்தது. அதன் ஜெர்மன் இனமான 'ரைஸென்' இப்போது கிழித்தலைக் குறிக்கிறது. 'ரீட்' என்பதற்கு ஆலோசனை கூறுதல் என்ற பொருள் முற்காலத்தில் இருந்தது. ஜெர்மனியர் படித்தலுக்கு வழங்கும் 'லேஸென்', திராட்சைக் குலைகளைச் சேகரிக்கும் தொழிலுக்கும் உரியது.

'இருந்தது' என்று பொருள்படும் ஆங்கில 'வாஸ்', வாசம் செய்தல் என்பதில் நாம் காணும் 'வஸ்' தாதுவோடு ஒன்றுபட்டது. ஒருமையில் ஸகரம் நிற்க, பன்மையாகிய 'வேர்' என்பதில் ரகரம் வந்ததேன் என்ற வினாவுக்கு 1877-ல் விடையை அச்சிட்டு வெளியிட்டவர் கார்ல் வெர்னர் என்ற டேனிஷ் அறிஞர். வேத பாஷையில் 'வேத' என்னும் ஒருமையில் ஸ்வரம் முதலசையிலும், 'வித்ம' என்னும் பன்மையில் ஈற்றிலும் விழுவதுபோலவே, ஆதி ஜெர்மானியத்திலும் ஒருகாலத்தில் அழுத்தம் இடம் மாறியிருந்தது. அழுத்தம் பின்னால் விழுந்தவிடத்து ஸகரம் நெகிழ்ந்து, காலக்கிரமத்தில் ரகரமாயிற்று. பிற்காலத்தில் அழுத்தம் முதலசையிலேயே நிலைத்துவிட்டமையால் ஐரோப்பாவில் மறைந்த அக்காரணத்தை வேத ஸ்வரங்கள் காட்டிக்கொடுத்தன. ஜெர்மன் மொழி இரண்டையும் ரகரமாகவே சமப்படுத்திக்கொண்டது. ஆங்கிலமும் டச்சும் அப்பழைய வேற்றுமையை இன்னும் விட்டுவிடவில்லை.