விமான நிலையத்தில் மீனுக்கு என்ன வேலை?

மகள் வீட்டுக்கு நியூயார்க் போய்வந்த வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "லகார்டியா விமான நிலையத்தில் வட்டமாக ஒரு பழைய கட்டடம் இருக்கிறது. அதன் நெற்றியைச் சுற்றிலும் சுட்டமண் ஓடுகளில் பறக்கும் மீன்கள். பறவை இருக்க வேண்டிய இடத்தில் மீன் எதற்கு?"

விடை கட்டடத்தின் பெயரிலேயே இருக்கிறது: மரைன் ஏர் டெர்மினல். 1940 மார்ச் 31 அன்று அது திறக்கப்பட்டபோது, அங்கிருந்து ஐரோப்பா கிளம்பிய விமானங்களுக்கு ஓடுபாதை தேவைப்படவில்லை. விரிகுடாவில் படகாக மிதந்து, தண்ணீரிலேயே ஓடி எழும்பின. அட்லாண்டிக்கைத் தாண்டி லிஸ்பன் நகரின் ஆற்றில் மறுபடி படகாக இறங்கின. அவை போயிங் 314 என்ற பறக்கும் படகுகள். 'கிளிப்பர்' என்று பெயர் சூட்டி ஓட்டியது பான் ஆம் நிறுவனம். மொத்தமே 12தான் செய்தார்கள்.

வரலாறு வேண்டுமென்றால் சுருக்கமாக: 1934இல் நியூயார்க் மேயர் ஃபியோரெல்லோ லகார்டியா வந்த விமானம், பக்கத்து மாநிலத்து நூவர்க்கில் நின்றது. "டிக்கெட்டில் நியூயார்க் என்றல்லவா போட்டிருக்கிறது?" என்று இறங்க மறுத்தார் மேயர். அந்தப் பிடிவாதத்தின் பலன், கடலோரத்தில் குப்பை கொட்டித் தூர்த்த நிலத்தில் எழுந்த நகர விமான நிலையம். திறப்பு விழா 1939 அக்டோபர் 15. அட்லாண்டிக் பயணத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. விமானத்தில் அதை முதலில் தாண்டியவர் லிண்ட்பெர்க் என்று இன்னமும் எழுதுகிறார்கள். 1927இல் அவர் செய்தது தனியாளாக, இடையில் நிற்காமல் பறந்தது. என்சி-4 என்ற அமெரிக்கக் கடற்படையின் பறக்கும் படகு 1919 மே மாதமே வழியில் தங்கித் தங்கித் தாண்டிவிட்டது. அடுத்த மாதம் ஆல்காக், பிரவுன் இருவரும் எங்கும் நிற்காமல் பறந்து, அயர்லாந்தின் சதுப்பில் மூக்குக் குத்தி இறங்கினார்கள். வரலாறு போதும்.

கிளிப்பரைப் பற்றி எழுதுகிறவர்கள் அதன் சாப்பாட்டு அறையிலும் படுக்கைகளிலும், வால் பக்கத்துத் தேனிலவு அறையிலும் மயங்கி நின்றுவிடுகிறார்கள். ஒரு வழிக் கட்டணம் 375 டாலர். அந்தக் காலத்தில் அது பெரிய பணக்காரர்களின் சங்கதி. எனக்கு அதன் அடிவயிறுதான் பிடிக்கும்.

ஒரு ஸ்பூனின் காம்பை இரண்டு விரலால் லேசாகப் பிடித்து, அதன் குவிந்த முதுகைக் குழாய்த் தண்ணீரில் பட்டும்படாமல் காட்டுங்கள். தண்ணீர் தள்ளிவிடும் என்றுதான் நினைப்போம். மாறாக உள்ளே இழுத்துக்கொள்ளும். தண்ணீர் வளைவை ஒட்டியே ஓடப் பார்க்கிறது, அந்த இடத்தில் அழுத்தம் குறைகிறது, ஸ்பூன் ஒட்டிக்கொள்கிறது. குழாயை இன்னும் திறந்தால் இழுப்பும் கூடும்.

இப்போது ஸ்பூனுக்குப் பதில் 37 டன் விமானம். எழும்ப வேண்டுமானால் மூக்கைத் தூக்க வேண்டும். அதற்கு இடம் விட்டு வால்பக்க அடிப்பாகம் மேல்நோக்கி வளைந்திருக்க வேண்டும். அந்த வளைவைத்தான் தண்ணீர் கவ்விக்கொள்கிறது. வேகமெடுக்க எடுக்கப் பிடி இறுகுகிறது. எஞ்சின் முழுமூச்சாகக் கத்தினாலும் விமானம் படகாகவே ஓடிக்கொண்டிருக்கும். 1912இல் பறக்கும் படகு செய்யப் புகுந்த கிளென் கர்டிஸ் மாட்டிக்கொண்டது இதில்தான்.

அவர் கண்ட மருந்து, வழவழப்பான அடிப்பாகத்தின் நடுவில் குறுக்காக ஒரு படி. படிக்கட்டில் இருக்கிற அதே படிதான்.

டபரா டம்ளரை நினைத்துக்கொள்ளுங்கள். விளிம்பு மடங்காத டம்ளரிலிருந்து காபியை மெதுவாகச் சாய்த்தால், பாதி டபராவில் விழும். மீதி டம்ளரின் வெளிப்புறம் வழிந்து முழங்கைக்கு வரும். விளிம்பு வெளியே மடங்கிய டம்ளரில் காபி அந்தக் கூர்மையான ஓரத்தில் சட்டென்று அறுந்து விழுகிறது. வளைந்து திரும்ப அதற்கு வழியில்லை. பறக்கும் படகின் படியும் டம்ளரின் விளிம்புதான். படியின் ஓரத்தில் தண்ணீர் அறுந்துபோகிறது, பின்னால் காற்று புகுகிறது, வால்பக்கம் விடுபடுகிறது. முன்பாதி மட்டும் தண்ணீரின் மேல் வழுக்கிக்கொண்டு ஓடும். விமானிகளின் பேச்சில் இதற்கு 'படியேறுதல்' என்றே பெயர். அதற்குப் பின் மூக்கைத் தூக்கினால் போதும், கிளம்பிவிடும். அட்லாண்டிக் விமானப் பயணத்தின் பாதி ரகசியம் கும்பகோணத்துப் பாத்திரக் கடையில் தொங்குகிறது என்றுகூடச் சொல்வேன். விமானப் பொறியாளர்கள் கோபித்துக்கொண்டால் அவர்களுக்கு ஒரு காபி.

இன்னொரு வேடிக்கை. கண்ணாடி போல அசையாத தண்ணீரில் கிளம்புவதுதான் கஷ்டம். சிற்றலை இருந்தால் அடியில் காற்று நுழையும், பிடி தளரும். அதனால், அமைதியான நாளில் மோட்டார் படகை முன்னே ஓடவிட்டுத் தண்ணீரைக் கலக்கிக்கொள்வார்கள்.

ஆனால், படி இலவசம் இல்லை. தண்ணீரில் அரை நிமிஷம், ஒரு நிமிஷம் உதவிய அந்த வெட்டு, வானத்தில் மணிக்கணக்காகக் காற்றைத் தடுத்து எரிபொருளைத் தின்றது. தண்ணீரும் இலவசம் இல்லை. வழியில் இறங்கும் அஸோர்ஸ் தீவுகளின் ஹோர்ட்டாவில் அலை மூன்றடிக்கு மேல் போனால், தேனிலவு அறைக்காரர்களும் நாள்கணக்கில் கரையில் காத்துக் கிடந்தார்கள். விளம்பரத்தில் இதெல்லாம் வராது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் உலகெங்கும் நீளமான கான்கிரீட் ஓடுபாதைகள் போட்டுவிட்டார்கள். 1945இன் முடிவோடு அட்லாண்டிக் கிளிப்பர்களின் கதை முடிந்தது. நம் நாட்டிலும் 2020 அக்டோபரில் சபர்மதியில் நீர்விமானச் சேவையை ஆரவாரமாகத் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டே நின்றது. தண்ணீர் இலவச ஓடுபாதை என்று யாராவது சொன்னால், ஸ்பூனை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போங்கள்.

வாசகருக்குப் பதில் சொல்ல வேண்டும். பறக்கும் மீன் எழும்பும்போது உடல் முழுக்க வெளியே வந்துவிடும். வாலின் கீழ்மடல் மட்டும் தண்ணீரில் கிடந்து வேகமாக அடித்துக்கொண்டிருக்கும். அதுவும் ஒருவகையில் படியேறித்தான் பறக்கிறது. ஆகவே அந்தச் சுவரில் பறவையைவிட மீனுக்கே உரிமை அதிகம்.