யந்திரமும் நம் விரல்களும்

கம்ப்யூட்டர் புகாத காரியாலயம் இன்று அரிது. பொன்னேரியில் ரயிலேறிக் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்குச் செல்லும் நம் வாலிபர் பலருக்குக் கணக்கும் கடிதமும் அதிலேதான். ஆயின், அற்பக் காரியத்துக்கும் விசைப்பலகையினின்று கையை எடுத்து மௌஸைத் தேடுவோர் அநேகர். காலமும் வீண், கைக்கும் அலுப்பு.

1968-ஆம் வருஷம் டிசம்பர் 9-ந் தேதி, ஸான்பிரான்ஸிஸ்கோவில் மௌஸை உலகுக்குக் காட்டிய டக்ளஸ் எங்கல்பார்ட், இடக்கைக்கென ஐந்து விசைகள் கொண்ட கருவியையும் உடன் வைத்திருந்தார். உலகம் முன்னதை ஏற்றது, பின்னதை மறந்தது.

கண்ட்ரோல் விசையுடன் ஸி அழுத்தினால் பிரதி. வி அழுத்தினால் ஒட்டுதல். எஸ் அழுத்தினால் சேமிப்பு. இஸட் அழுத்தினால் செய்தது ரத்து. ஆல்ட்டுடன் டாப் அழுத்தினால் ஒரு வேலையினின்று மற்றொன்றுக்குத் தாவலாம். சித்திரம் தீட்டுவோருக்கு மௌஸ் வேண்டியதே. அதைப் பகிஷ்கரிக்குமாறு நாம் கூறவில்லை. எழுத்து வேலைக்கு விரல்களே போதும் என்கிறோம்.

தமிழுக்கும் இவ்வசதி உண்டு. 1999-இல் சென்னையில் கூடிய தமிழிணைய மகாநாட்டையொட்டிச் சர்க்கார் அங்கீகரித்த 'தமிழ் 99' விசைப்பலகையில் உயிரெழுத்துக்கள் இடக்கைக்கு. மெய்கள் பெரும்பாலும் வலக்கைக்கு. 'அம்மா' என்றெழுத அ, ம, ம, ஆ என நான்கே தட்டு. புள்ளி தானே விழும். அப்படியிருந்தும், நம்மவர் பலர் ஆங்கில எழுத்துக்களைத் தட்டியே தமிழை வரவழைக்கின்றனர். தாய்மொழியை எழுத அந்நிய எழுத்தின் தயவு எதற்கு?

டைப்ரைட்டிங் பள்ளிகள் இவ்விரண்டையும் கற்பிக்க முன்வரவேண்டும். அறிக்கையும் மகஜரும் எழுதும் தேச ஊழியர் முதலிற் பழகட்டும். கருவிக்கு எஜமானனாக இருக்க விரும்புகிறவன் அதன் விசைகளை அறிந்தே ஆகவேண்டும்.