சிலை கவர்னருக்கு! உளி பிடித்தவருக்கு?

மும்பை வி.டி. ரெயில் நிலையத்தைக் கட்டியவர் யார்? ஸ்டீவன்ஸ் என்ற வெள்ளைக்காரரின் பெயரைப் புத்தகங்கள் சொல்லும். சாரத்தில் ஏறிக் கல் வைத்தவரின் பெயர் எதிலும் இல்லை. ஆனாலும் அவருக்குக் கூலி கிடைத்தது.

பெயரும் இல்லாமல், கூலியும் இல்லாமல் ஒரு நகரத்துக்கே அடித்தளம் போட்டவர்கள் உண்டு. அவர்களில் தமிழரும் இருந்தார்கள். அந்த நகரம், மொரீசியஸ் தீவின் தலைநகரான போர்ட் லூயி.

புதுச்சேரித் தச்சர்கள்

1735-ம் ஆண்டு லா பூர்தொன்னே என்ற பிரெஞ்சுக்காரர் அங்கே கவர்னராக வந்து இறங்கினார். 1746-ல் சென்னைக் கோட்டையைப் பிடித்தாரே, அவரேதான். துறைமுகம், கிடங்கு, ஆஸ்பத்திரி எல்லாம் கட்ட வேண்டும். புதுச்சேரியிலிருந்து தச்சர்களையும் கொத்தனார்களையும் ஒப்பந்தம் பேசி வரவழைத்தார்.

அவர்களோடு வேலை செய்தவர்கள் அடிமைகள். மடகாஸ்கரிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் நம் நாட்டிலிருந்தும் கப்பலேற்றப்பட்டவர்கள். அவர்களில் பலரைக் கவர்னர் தச்சு வேலைக்கும் கொத்து வேலைக்கும் பழக்கினார்.

மரவேலை சாமானியமானதா? ஒரு மரத்தில் உளியால் துளை எடுக்க வேண்டும். அடுத்த மரத்தில் அதற்கு ஏற்ற கழுந்து செதுக்க வேண்டும். நூலளவு தவறினாலும் கூரை நிற்காது. கண்ணும் கையும் ஒன்றாகப் பழகினால்தான் வரும்.

அப்படிப் பழகிய அடிமைக்கு என்ன கிடைத்தது? தொழில் தெரிந்தவனுக்குச் சந்தையில் விலை அதிகம். கற்ற தொழிலால் அவன் வாழ்வு உயரவில்லை. அவனை விற்கும் விலைதான் உயர்ந்தது!

நஷ்டஈடு யாருக்கு?

1810-ல் தீவு ஆங்கிலேயர் கைக்கு மாறியது. 1835 பிப்ரவரி 1-ந் தேதி அங்கே அடிமை முறை ஒழிந்தது. பிரிட்டிஷ் சாம்ராஜ்யம் முழுவதற்கும் 2 கோடி பவுன் நஷ்டஈடு ஒதுக்கினார்கள். அவ்வளவும் எஜமானர்களுக்கே! உழைத்தவனுக்குக் காலணா இல்லை. 'தொழில் பழகுநர்' என்ற புதுப் பெயரில் 1839 வரை அவன் பழைய எஜமானிடமே வேலை செய்தான்.

1859-ல் துறைமுகத்தின் எதிரே கவர்னருக்குச் சிலை எழுந்தது. அவர் காலத்தில், 1740-ல் கட்டத் தொடங்கிய பழைய ராணுவ ஆஸ்பத்திரியும் அதே ஊரில் நிற்கிறது. அடிமைகளின் கை பட்ட கட்டிடம். அதில்தான் 2023-ல் அடிமை வரலாற்று மியூசியம் திறக்கப்பட்டது. பிப்ரவரி முதல் தேதி மொரீசியஸ் நாட்டில் அரசு விடுமுறை.

மரியாதை வந்து சேர இரண்டரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. பெயர்கள் மட்டும் பெரும்பாலும் திரும்பவில்லை.

தாராவியிலும் செம்பூரிலும் இன்று உளியும் கரணையும் பிடிக்கும் தமிழர்கள் எத்தனையோ பேர். அவர்கள் எழுப்பும் மாடிகளில் யார் பெயர் பொறிக்கப்படும்? நாளைக் காலை வி.டி.யில் இறங்கும்போது, ஒரு நிமிடம் நின்று அண்ணாந்து பாருங்கள்.