துவைகல்லும் சலவைப் பொறியும்

அறிவியலின் கை படாத மூலை இன்று நம் வீடுகளில் இல்லை. அம்மியையும் ஆட்டுக்கல்லையும் மிக்சியும் கிரைண்டரும் ஓரங்கட்டின. கொல்லைப்புறத்துத் துவைகல்லை ஓரங்கட்ட வந்திருப்பது சலவைப் பொறி. ‘வாஷிங் மெஷின்’ என்று எல்லாரும் அழைக்கும் இப்பெட்டிக்குள் நடப்பது என்ன என்பதைச் சற்றே காண்போம்.

திட்டக்குடியில் எங்கள் வீட்டிற்கு இப்பொறி வந்தது சென்ற ஆண்டுதான். அதுவரை ஐந்து பேரின் துணிகளையும் என் தாயாரே துவைத்து வந்தார். வெள்ளாற்றில் நீர் ஓடும் மாதங்களில் ஆற்றிலும், ஏனைய மாதங்களில் குழாயடியிலும் துவைப்பார். குனிந்து நிமிர்ந்து இடுப்பு வலி கண்ட பிறகே பொறி வாங்கும் எண்ணம் எங்களுக்கு வந்தது. காலந்தாழ்ந்த எண்ணந்தான்!

துணியிலிருந்து அழுக்கு நீங்க நான்கு துணைகள் வேண்டும். அவை சோப்பு முதலிய வேதிப்பொருள், வெப்பம், அசைவு, நேரம் என்பன. ஹெர்பர்ட் சின்னர் என்னும் ஜெர்மானிய வேதியியலார் 1959-ஆம் ஆண்டில் இதனை ஒரு வட்டமாக வரைந்து காட்டினார். இந்நான்கில் ஒன்று குறைந்தால் மற்றவை கூடவேண்டும் என்பதே அவ்வட்டத்தின் பொருள்.

இவ்வுண்மை நம் சலவைத் தொழிலாளர்களுக்குப் புதிதன்று. உவர்மண் கரைத்த நீரில் துணிகளை நனைத்து, அடுப்பேற்றிய பானையின்மேல் அடுக்கி, ஆவியில் நெடுநேரம் வேக வைப்பதே வெள்ளாவி. உவர்மண்ணில் உள்ள சோடியம் கார்பனேட் என்னும் காரம் எண்ணெய்ப் பிசுக்கை இளக்குகிறது. ஆவி வெப்பம் தருகிறது. நேரமும் மிகுதி. எனவே மறுநாள் கல்லில் அடிக்கும் வேலை எளிதாகிறது. வீட்டுக் குழாயடியில் வெப்பமும் இல்லை, நேரமும் இல்லை. ஆகவே அசைவைக் கூட்ட வேண்டியிருந்தது. அந்த அசைவுதான் என் தாயாரின் இடுப்பு வலி.

பொறி ஏற்றுக்கொள்வது இந்த அசைவைத்தான். நம் பக்கத்தில் பலரும் வாங்குவது இரண்டு தொட்டிகள் கொண்ட செமி ஆட்டோமேட்டிக் வகை. துவைக்கும் தொட்டியின் அடியில் வரிவரியாய் மேடிட்ட வட்டத் தட்டு ஒன்று உண்டு. மின்மோட்டாரின் வேகத்தைப் பெல்ட்டும் கப்பியும் குறைத்து இத்தட்டைச் சுழற்றுகின்றன. சில நொடிகள் வலப்பக்கம், சிறிது ஓய்வு, பின்பு சில நொடிகள் இடப்பக்கம். ஒரே பக்கமாகச் சுழன்றால் துணிகள் கயிறாய் முறுக்கிக்கொள்ளும். திசை மாறும்போது எழும் நீர்ச்சுழல், கையால் கசக்குவதுபோல் துணியின் இழைகளுக்கிடையே புகுந்து வெளிவருகிறது.

அழுக்கை இழுப்பது சலவைத்தூளின் வேலை. அதன் மூலக்கூற்றின் ஒரு முனை நீரை நாடும். மறுமுனை எண்ணெயை நாடும். எண்ணெய் முனைகள் பிசுக்கைச் சூழ்ந்துகொள்ள, நீர் முனைகள் அதனை நீருக்குள் இழுத்து வருகின்றன. கடின நீரில் உள்ள கால்சியம், மக்னீசியம் உப்புகள் சாதாரண சோப்புடன் சேர்ந்து கரையாத ஏடாகப் படியும். சலவைத்தூள் அவ்வாறு எளிதில் திரிவதில்லை. ஆழ்துளைக் கிணற்று நீர் கடினமாயுள்ள வீடுகளில் சோப்பு நுரைக்காததும் சலவைத்தூள் நுரைப்பதும் இதனால்தான்.

அடுத்தது பிழிதல். துளைகள் நிறைந்த உருளைத் தொட்டி நிமிடத்திற்கு 1,300 சுற்று அளவில் சுழல்கிறது. ‘மையவிலக்கு விசை நீரை வெளியே தள்ளுகிறது’ என்று எழுதிவிடுகிறோம். உண்மையில் துணியை வட்டத்தில் நிறுத்தி வைப்பது, தொட்டியின் சுவர் உள்நோக்கித் தரும் மையநோக்கு விசை. துளையின் எதிரே உள்ள நீருக்கு அச்சுவர் இல்லை. ஆகவே அது தொடுகோட்டின் வழியே வெளியேறிவிடுகிறது. விருத்தாசலத்துப் பீங்கான் தொழிலுக்கு மூத்ததான குயவர் சக்கரத்தின் விளிம்பிலிருந்து ஈரக்களிமண் தெறிப்பதும் இவ்வாறே. தொட்டியின் ஆரம் 12 சென்டிமீட்டர் எனக் கொண்டு கணக்கிட்டால், அங்குள்ள முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் ஏறத்தாழ 225 மடங்கு! எந்தக் கை இவ்வளவு பிழியும்?

முழுத் தானியங்கி வகையில் நீரின் அளவையும் பொறியே அறிகிறது. தொட்டியின் அடியிலிருந்து மேலே செல்லும் சிறு குழாயில் காற்று அடைபட்டிருக்கும். நீர் ஏற ஏற அக்காற்று அழுத்தப்பட்டு ஒரு சவ்வைத் தள்ள, மின்சுவிட்சு மாறி நீர் வரும் வால்வு மூடிக்கொள்கிறது. முன்பக்கக் கதவுள்ள வகையில் படுத்தவாறு சுழலும் உருளை துணிகளை மேலே தூக்கித் தூக்கிக் கீழே போடுகிறது. இது கல்லில் அடிப்பதன் சாயல். அதில் உள்ள சூடேற்றி வெள்ளாவியின் சாயல். ஆனால் அது ஏறத்தாழ 2,000 வாட் மின்சாரம் ஈர்க்கும் என்பதை மறத்தலாகாது.

இத்தகைய பொறிகளைச் செய்யும் வர்ல்பூல் ஆலை ஒன்று, நம் கடலூர் மாவட்டத்தை ஒட்டிய புதுச்சேரிப் பகுதியில், திருபுவனையில் அமைந்துள்ளது.

பொறி வந்த முதல் வாரத்தில், நனைந்த போர்வையை நான் பிழியும் தொட்டியில் ஒருபக்கமாகத் திணித்துவிட்டேன். பொறி தடதடவென்று ஆடி நகரத் தொடங்கிற்று. பழுதான பொறி என்று தந்தையார் சினந்தார். பழுது பொறியில் இல்லை. எடை ஒருபக்கம் சாய்ந்ததே காரணம். மூடியைத் திறந்ததும் தடை விழுந்து தொட்டி நின்றது. பரப்பி வைத்தபின் அமைதியாகச் சுழன்றது. நீரும் மின்சாரமும் அருகருகே இருக்கும் பொறியாதலால் மூன்று முனைப் பிளக்கும் முறையான எர்த் இணைப்பும் இன்றியமையாதவை. ஈரக் கையால் சுவிட்சைத் தொடலாகாது.

ஒன்றை இறுதியாகச் சொல்ல வேண்டும். நீர் நிரப்புவது, ஒரு தொட்டியிலிருந்து மறு தொட்டிக்கு மாற்றுவது, அலசுவது, கொடியில் உலர்த்துவது, மடித்து வைப்பது ஆகியவற்றை எங்கள் பொறி செய்வதில்லை. துவைகல் இருந்தபோதும் இவை என் தாயாரின் வேலை. பொறி வந்தபின்னும் அவர் வேலையாகவே இருந்தன. பொறி எடுத்துக்கொண்டது அசைவை மட்டுமே, பொறுப்பை அன்று. இப்பொழுது ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பொறுப்பை நான் ஏற்றிருக்கிறேன். இயற்பியல் ஏட்டில் படித்ததைவிட அங்கே நான் கற்றது மிகுதி. நண்பர்களே, உங்கள் வீட்டிலும் ஒருநாள் செய்து பாருங்கள்!