இடது சீட் காலியாக இருக்கும்போது

திருவண்ணாமலையில் காரை எடுத்துக்கொண்டு தூரப் பயணம் போகிறவர்கள் பலர் பிள்ளையார் கோவில் வாசலில் பூசை போட்டு, நாலு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டுத்தான் கிளம்புகிறார்கள். நல்லது. பழம் வைக்கக் குனியும்போதே டயரையும் பார்த்துவிடுங்கள். பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போயிருந்தால் அந்த டயர் மாற்ற வேண்டியது. பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். 2321 என்றால் 2021ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது என்று பொருள். காற்றழுத்தத்தை வண்டி ஓடுவதற்கு முன், டயர் சூடேறாதபோது பாருங்கள். எவ்வளவு வேண்டும் என்பது டிரைவர் கதவுப் பக்கத்து ஸ்டிக்கரிலேயே இருக்கும்.

ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. அதைவிட முக்கியம், வீல் நட்டை உங்கள் கையால் கழற்ற முடிகிறதா என்பது. கடையில் மெஷின் வைத்து இறுக்கிய நட்டு, காரோடு வரும் குட்டி ஸ்பேனருக்குச் சுலபத்தில் அசையாது. வீட்டு வாசலில் ஒருமுறை தளர்த்தி இறுக்கிப் பாருங்கள். முடியவில்லையென்றால் நீளப் பிடி ஸ்பேனர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். தனியாகப் போகிறவருக்கு இது அத்தியாவசியம். கூட ஏறி மிதிக்க ஆள் கிடையாது.

ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று, லைசென்ஸ் நாலும் டிஜிலாக்கரில் இருந்தால் போதும். ஃபாஸ்டேக்கில் பணம் இருக்கட்டும். 2025 நவம்பரில் வந்த விதிப்படி, செல்லுபடியாகும் ஃபாஸ்டேக் இல்லாமல் ரொக்கம் கொடுத்தால் இரட்டிப்புக் கட்டணம், யு.பி.ஐ.யில் கட்டினால் ஒன்றேகால் மடங்கு.

பக்கத்து சீட்டில் இருப்பவர் சும்மா உட்கார்ந்து வருகிறார் என்றுதான் நினைப்போம். மேப் பார்ப்பது, தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுப்பது, போனை எடுப்பது, நம் கண் சொருகினால் "கொஞ்சம் நிறுத்துங்களேன்" என்பது எல்லாம் அவர் வேலை. தனிப் பயணத்துக்கான ஏற்பாடு என்பது இந்த வேலைகளை முன்கூட்டியே முடித்து வைப்பதுதான். மேப்பை போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். லைவ் லொகேஷனை வீட்டில் ஒருவருக்கு அனுப்புங்கள். தண்ணீர், சில்லறை, மாத்திரை எல்லாம் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

"நிறுத்துங்களேன்" என்ற அந்த ஒரு வேலையை மட்டும் எதுவும் முழுதாகச் செய்யாது. 80 கி.மீ. வேகத்தில் போகும் கார் நொடிக்கு 22 மீட்டர் ஓடுகிறது. நாலே நொடி கண் மூடினால் கிட்டத்தட்ட 90 மீட்டர் ஆளில்லாமல் ஓடியதாகத்தான் கணக்கு. விடியற்காலை 2 முதல் 5 மணி, மதியம் 2 முதல் 4 மணி. உடம்பு தானாகவே தூக்கம் கேட்கும் நேரங்கள் இவை. பாட்டைச் சத்தமாக வைப்பதும் முகம் கழுவுவதும் சில நிமிடங்களுக்குத்தான். டீ குடித்தாலும் வேலை செய்ய அரை மணி நேரம் ஆகும். அதனால் பெட்ரோல் பங்கில் ஓரமாக நிறுத்தி, டீயைக் குடித்துவிட்டு, இன்ஜினை அணைத்து, கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி இருபது நிமிடம் தூங்குங்கள்.

கிளம்பும் நாளைக் காலண்டர் பார்த்துக் குறியுங்கள். நல்ல நேரத்துக்காக அல்ல, பௌர்ணமிக்காக. அன்று பக்தர்கள் மலையைச் சுற்றி நடக்கும் 14 கி.மீ. கிரிவலப் பாதையின் ஒரு பகுதி செங்கம் சாலையேதான்; அன்றைக்கு அந்தப் பக்கம் வண்டி நகராது. பெங்களூரு போக அந்தச் சாலையை எடுப்பவர்கள் இரவைத் தவிர்ப்பது நல்லது. நடுவில் தடுப்பு இல்லாத சாலை அது. 2023 அக்டோபரில் மட்டும் செங்கம் அருகே இரண்டு விபத்துகளில் தலா ஏழு பேர் இறந்தார்கள்.

கன்னியாகுமரி போவதாக வைத்துக்கொள்வோம். விழுப்புரம், திருச்சி வழியாக மதுரை, அங்கிருந்து நான்குவழிச் சாலை. எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 600 கி.மீ. காலை 5 மணிக்குக் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்கு மதுரை. ஒரே மூச்சில் போய்விடலாம் என்று தோன்றும் இடம் அதுதான். ஆனால் சாப்பிட்டதும் வண்டியை எடுத்தால், தூக்கம் கேட்கும் அந்த இரண்டு மணி நேரம் திருநெல்வேலிக்கு முந்தைய நேரான, அகலமான சாலையில் வந்து விழும். நான்கு மணி வரை படுத்து எழுந்தால் கடைசித் தூரம் இருட்டில் போகும். தனி ஆளென்றால் மதுரையிலேயே ரூம் போட்டுவிடுங்கள். மறுநாள் விடிகாலையில் எடுத்தால் பத்து மணி வாக்கில் கன்னியாகுமரி.