கிழக்குக் கரையில் மாலைப் பாய்ப்பயணம்

கதிரவன் கடலில் மறையும் காட்சியைக் காண விரும்புவோர் கன்னியாகுமரிக்குச் செல்வர். அல்லது மேற்குக் கரையை நாடுவர். கிழக்குக் கரையில் வாழும் நமக்கு ஞாயிறு கடலில் எழும் காட்சி மட்டுமே வாய்த்தது, மறையும் காட்சி வாய்க்கவில்லை என்று குறைப்பட்டுக்கொள்வோரும் உண்டு. அக்குறை பொருளற்றது. கிழக்குக் கரையின் மாலைக்கென்று தனியே ஓர் அழகு உண்டு. அது யாது, அதனைக் காணப் படகேறுவோர் அறிந்திருக்க வேண்டியவை யாவை என்பனவற்றை இன்று எடுத்துரைக்க விரும்புகிறேன். இதற்கு எடுத்துக்காட்டாகப் புதுக்கோட்டை மாவட்டத்துக் கடற்கரையூராகிய ஜெகதாப்பட்டினத்தைக் கொள்வோம்.

புதுக்கோட்டை என்றதும் நம்மில் பலருக்குக் குடைவரைக் கோயில்களும் தொண்டைமான் மன்னர்களும் நினைவுக்கு வருவரேயன்றிக் கடல் நினைவுக்கு வருவதில்லை. அதில் வியப்பில்லை, பழைய புதுக்கோட்டைச் சமஸ்தானத்துக்குக் கடற்கரை இருந்ததில்லை. 1974ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் புதுக்கோட்டை தனி மாவட்டமாக அமைந்தபோதுதான் அதற்கு ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர் நீளமுள்ள கரை வாய்த்தது. மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் ஆகியவை அக்கரையில் அமைந்த ஊர்கள். எதிரே விரிந்து கிடப்பது பாக் நீரிணை. 1763 முதல் 1767 வரை சென்னையில் ஆளுநராயிருந்த இராபர்ட்டு பாக் என்பவரின் பெயர் அதற்கு வழங்கலாயிற்று. நமக்கும் இலங்கைக்கும் இடையே உள்ள இக்கடல் ஆழமற்றது. பெருங்கப்பல்கள் இவ்வழியே செல்வதில்லை. ஆயினும் சிறு கலங்களுக்கு இதனினும் ஏற்ற நீர் அரிது.

இக்கரையில் நின்று நோக்கினால் கடல் கிழக்கிலும் தென்கிழக்கிலும் இருக்கும். ஞாயிறோ நம் முதுகுப்புறத்தே, ஊருக்கும் தோப்புகளுக்கும் பின்னால் இறங்கும். நமக்கு நூறு மீட்டர் பின்னால் பதினைந்து மீட்டர் உயரமுள்ள தென்னை வரிசை ஒன்று இருப்பதாகக் கொள்வோம். அவ்வரிசை, ஞாயிறு மறைவதற்கு ஏறத்தாழ அரைமணி நேரம் முன்னரே அதனை மறைத்துவிடும். வானம் முழுவதும் நிறம் கொள்ளும் வேளையில் கரையில் நிற்பவன் மரங்களின் நிழலில் நிற்கிறான். இப்பொழுது படகேறி இரண்டு கிலோமீட்டர் கடலுக்குள் செல்வோம். அதே தென்னை வரிசை அங்கிருந்து பார்க்கும்போது ஞாயிற்று வட்டத்தின் உயர அளவுகூட இராது. அது மறைப்பது இரண்டு நிமிடப் பொழுதை மட்டுமே. கரை நம்மிடமிருந்து பறித்த அரைமணி நேரத்தைக் கடல் திருப்பித் தருகிறது. மாலைப் பாய்ப்பயணத்தின் முதற்பயன் இதுவே.

அங்கிருந்து ஞாயிற்றின் மறைவைக் கருத்தோடு நோக்குவோமாக. நம் நாட்டில் ஞாயிறு ஏறத்தாழ நேர்க்குத்தாக இறங்குகிறது. ஆதலின் அதன் அடிவிளிம்பு அடிவானைத் தொட்டதிலிருந்து மேல்விளிம்பு மறைவது வரை இரண்டு நிமிடங்களுக்குச் சற்றே கூடுதலான பொழுதுதான் செல்லும். இதில் இன்னொரு விந்தையும் உண்டு. அடிவானை ஒட்டி வரும் ஒளி, காற்று மண்டலத்தின் வழியே வரும்போது வளைகிறது. அவ்வளைவு ஞாயிற்று வட்டத்தின் அகலத்தினும் சிறிது மிகுதி. ஆகவே ஞாயிறு அடிவானைத் தொட்டு நிற்பதாக நாம் காணும் கணத்தில், அது உண்மையில் அடிவானுக்குக் கீழே முழுவதும் இறங்கிவிட்டது. நாம் காண்பது காற்று தூக்கிக் காட்டும் உருவமே. அடிவிளிம்பின் ஒளி மேல்விளிம்பின் ஒளியைவிட மிகுதியாக வளைவதால்தான் வட்டம் நசுங்கிய பூசணிக்காய்போலத் தோன்றுகிறது.

நிறத்துக்குக் காரணமும் காற்றே. காற்றின் நுண்துகள்கள் நீல ஒளியை மிகுதியாகவும் செவ்வொளியைக் குறைவாகவும் சிதறடிக்கின்றன என்பதை 1871ஆம் ஆண்டில் ராலே என்னும் ஆங்கில அறிஞர் விளக்கினார். மாலையில் ஒளி நெடுந்தொலைவு காற்றில் ஊடுருவி வர வேண்டியிருப்பதால், நீலம் வழியிலேயே சிதறிவிடச் செம்மை எஞ்சி நம் கண்ணை அடைகிறது. திருச்சிராப்பள்ளியில் 1888ஆம் ஆண்டு பிறந்த சர் சி.வி. இராமன், 1921ஆம் ஆண்டு கப்பற்பயணத்தில் மத்தியதரைக் கடலின் ஆழ்ந்த நீலத்தைக் கண்டு வியந்தார். கடல் நீலம் வானின் நிழல் மட்டுமன்று, நீரே ஒளியைச் சிதறடிக்கிறது என்று அவர் நிறுவினார். அவ்வழியே தொடர்ந்த ஆராய்ச்சி 1930ஆம் ஆண்டு நோபல் பரிசைக் கொணர்ந்தது. படகிலிருந்து கடலை உற்று நோக்கிய கண்ணுக்கு அறிவியல் அளித்த பரிசு அது.

ஞாயிறு மறைந்தவுடன் பெரும்பாலோர் காட்சி முடிந்தது என்று எழுந்துவிடுவர். கிழக்குக் கரைக்கே உரிய காட்சி அப்பொழுதுதான் தொடங்குகிறது. படகில் இருப்போர் உடனே முகத்தைத் திருப்பிக் கிழக்கே, திறந்த கடலின் பக்கம் நோக்க வேண்டும். கடலின் விளிம்பிலிருந்து சாம்பல் கலந்த நீலப் பட்டை ஒன்று மெல்ல எழும். அதன் தலைமேல் இளஞ்சிவப்பு நிறத்தில் மற்றொரு பட்டை படர்ந்திருக்கும். மேகமென்று அதனை எண்ணிவிடலாகாது. அந்த நீலப் பட்டை நாம் வாழும் பூமியின் நிழல்! நமக்குப் பின்னே இறங்கிய ஞாயிற்றின் ஒளியைப் பூமி தடுக்க, அந்நிழல் கிழக்கு வானத்துக் காற்றின்மீது விழுகிறது. ஞாயிறு இறங்க இறங்க நிழல் ஏறும். பதினைந்து நிமிடங்களுக்குள் இரவோடு கலந்துவிடும். பூமியின் நிழல் சந்திரன்மீது விழுவதே சந்திர கிரகணம் என்று ஆரியபட்டர் கி.பி. 499 அளவிலேயே எழுதிவைத்தார். கிரகணம் எப்போதோ வருவது. அதே நிழலை, வானம் தெளிந்த ஒவ்வொரு மாலையும் இக்கடலில் காணலாம். முழுநிலா நாளாயின், அந்நிழலினூடே நிலவும் கடலிலிருந்து எழும். கன்னியாகுமரியை எண்ணி ஏங்குவோர் இக்காட்சியைக் கண்டபின் ஏங்கார்.

இனி, அவ்விடத்துக்குச் செல்லும் வகையைப் பார்ப்போம். பாக் நீரிணைக் கரையில் வழிவழியாகப் பழகிய கலங்களுள் ஒன்று வத்தை. தட்டையான அடியுடையதாதலின் ஆழமற்ற நீரிலும் செல்லும். பாய் காற்றை வாங்கிக் கலத்தைச் சாய்க்கும்போது, காற்று வரும் பக்கத்தில் வெளியே நீட்டிய பலகையின்மீது ஆட்கள் சென்றமர்ந்து தம் உடற்பாரத்தாலேயே அதனைச் சமன்செய்வர். சென்னை மாகாணத்தில் மீன்வளத் துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல், 1920ஆம் ஆண்டு இந்தியப் படகுகளின் அமைப்பைப் பற்றி விரிவாக எழுதினார். அத்தகைய ஆராய்ச்சிக்கு உரியவை நம் கரைப் படகுகள். இன்று பெரும்பாலான கலங்களில் இயந்திரம் ஏறிவிட்டது. பாய் விரித்துச் செல்லும் அறிவு முதியோரிடமே தங்கி நிற்கிறது.

அவ்வறிவு பெரிதும் காற்றைப் பற்றியது. பகலில் நிலம் கடலைவிட விரைவாகச் சூடேறுகிறது. நிலத்துக் காற்று மேலெழ, கடற்காற்று கரை நோக்கி வருகிறது. இரவில் நிலம் விரைவாகக் குளிர்வதால், நிலத்திலிருந்து கடல் நோக்கிக் காற்று செல்கிறது. விடியுமுன் நிலக்காற்றில் கடலேகிப் பிற்பகலில் கடற்காற்றில் கரை திரும்புவது பாய்க்கல மீனவரின் பழைய முறை. மாலை உலாச் செல்பவர் நிலை வேறு. அவர் புறப்படும் வேளையில் காற்று எதிரே வருகிறது. எதிர்க்காற்றில் எந்தப் பாய்க்கலமும் நேரே செல்லாது. இடமும் வலமுமாக மாறிமாறிச் சாய்ந்தே முன்னேற வேண்டும். இரண்டு கிலோமீட்டர் செல்ல அதனினும் மிகுதியான வழி ஓட வேண்டும். திரும்பும்போது அதே காற்று துணைநிற்கும். ஆனால் அது நிலைத்திருந்தால் மட்டுமே. ஞாயிறு மறைந்தபின் கடற்காற்று தளரும். நிலக்காற்று எழுமுன் காற்றே அற்ற ஓர் இடைவேளை வருவதுண்டு. அப்பொழுது பாய் துவண்டு தொங்கும். துடுப்போ சிறு இயந்திரமோ இல்லாத கலம் நின்ற இடத்திலேயே நிற்கும். நம் நாட்டில் அந்தி ஒளியும் இருபது நிமிடங்களுக்கு மேல் பெரிதும் நில்லாது. காற்று விழுவதும் இருள் சூழ்வதும் ஒருசேர நிகழ்வதே இப்பயணத்தின் இடர்.

பருவமும் அறிய வேண்டும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இப்பயணத்தை எண்ணவும் கூடாது. 2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் விடியற்காலையில் கரையேறிய கஜா புயல் இக்கரைக்கு இழைத்த கேட்டை மறந்தாரில்லை. தென்மேற்குப் பருவக்காற்றின் காலத்தில் மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று கலத்தைக் கடலுக்குள் எளிதாகக் கொண்டுசெல்லும், திரும்பவிடாது. பிப்ரவரியும் மார்ச்சும் வானம் தெளிந்து கடல் தணிந்திருக்கும் திங்கள்கள்.

ஞாயிறு நீரிலேயே மூழ்கக் காண வேண்டும் என்று பிடிவாதம் கொள்வோர்க்கு ஒரு கணக்குச் சொல்வேன். படகில் அமர்ந்தவன் கண்ணுக்குக் கரைத் தென்னைகள் அடிவானுக்குக் கீழே மறைய வேண்டுமாயின், ஏறத்தாழ பத்தொன்பது கிலோமீட்டர் கடலுக்குள் செல்ல வேண்டும். 1974ஆம் ஆண்டு ஜூன் திங்களில் இந்தியாவும் இலங்கையும் வகுத்துக்கொண்ட கடல் எல்லை, இவ்வூர்க் கரையிலிருந்து நாற்பது கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவிலேயே உள்ளது. அக்காட்சியைத் தேடிச் செல்பவன், எல்லைக்குச் செல்லும் வழியில் பாதியைக் கடந்துவிடுகிறான். நீரின்மேல் கோடு இல்லை. இருளில் அடையாளமும் இல்லை. எல்லை தாண்டியதாகக் கைதாகி, படகையும் இழந்து வாடும் மீனவர் குடும்பங்கள் ஜெகதாப்பட்டினத்திலும் கோட்டைப்பட்டினத்திலும் உண்டு. பிழைப்புக்காகச் செல்வோர்க்கே அத்துன்பம் நேரும் கடலில், பொழுதுபோக்குக்காக அத்திசை செல்வது தகாது.

இன்னும் ஒன்று. மீன்பிடிப் படகு வேறு, மக்களை ஏற்றும் படகு வேறு. வலையும் மீனும் அடியில் கிடக்கும்போது நிலைத்து நிற்கும் கலம், ஆட்கள் மேல்தட்டில் கூடியவுடன் நிலை தவறும். 2023ஆம் ஆண்டு மே 7ஆம் நாள் கேரளத்துத் தானூரில், மீன்பிடிப் படகை மாற்றியமைத்த உலாப் படகு ஒன்று, அளவுக்கு மிஞ்சிய கூட்டத்தோடு மாலை மங்கியபின் சென்று கவிழ்ந்தது. இருபத்திரண்டு உயிர்கள் மாண்டன. ஆகவே உரிய அனுமதி பெற்ற படகா, ஏற்றத்தக்க ஆள்கள் எத்தனை, ஒவ்வொருவர்க்கும் மிதவைச் சட்டை உண்டா என்று கேட்டறிந்த பின்னரே காலெடுத்து வைக்க வேண்டும். கேட்பதற்கு நாணுதல் கூடாது. ஏறியபின் காட்சியைக் காண எல்லாரும் ஒரே பக்கம் எழுந்து ஓடுதலும் கூடாது.

கடலும் வெற்றிடமன்று. மாலையில் கரையோரம் வலைகள் இடப்பட்டிருக்கும். மிதவைகளை விலக்கிச் சுக்கான் பிடிக்க வேண்டும். ஓர் அறுந்த வலை ஒரு குடும்பத்தின் பல நாள் உழைப்பு. நீருக்கடியில் கடற்புல் வெளிகள் உள்ளன. அவற்றை மேய்ந்து வாழும் ஆவுளியா என்னும் கடற்பசுவைக் காப்பதற்காக, தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் கரைக்கு அப்பால் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைத் தமிழ்நாடு அரசு 2022ஆம் ஆண்டு காப்பகமாக அறிவித்தது. இயந்திர விசிறி ஆழமற்ற நீரில் அப்புல்லை அறுக்கும், பாய்க்கலம் அறுக்காது. பழைய பாய்க்கு இன்றும் உள்ள சிறப்புகளுள் இதுவும் ஒன்று.

ஆகவே, கிழக்குக் கரையின் மாலையைக் காண விரும்பும் நேயர்கள் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. கடலறிந்த ஒருவர் துணையோடு, கரை கண்ணுக்குத் தெரியும் தொலைவில் நின்று, முதலில் மேற்கே திரும்பி நம் ஊரின் மரங்களுக்குப் பின்னால் ஞாயிறு இறங்குவதைப் பாருங்கள்; பின்னர்க் கிழக்கே திரும்பிப் பூமியின் நிழல் எழுவதைப் பாருங்கள். நிழல் நம் தலையை எட்டுமுன், காற்று விழுமுன், கரை சேர்ந்துவிடுங்கள். அவ்வேளையில் விளக்கேற்றிக் கடலுக்குள் செல்லும் படகுகள் உங்களுக்கு எதிரே வரக்கூடும். அவற்றில் இருப்போர்க்கு அம்மாலை ஓய்வன்று. அது தொழில் தொடங்கும் நேரம். அவர்களுக்கு வழிவிட்டு ஒதுங்கி வருவதே அக்கடலுக்கு நாம் செய்யும் மரியாதை.