வியூவுக்குக் கீழே எந்த அட்டவணை?

மேல்நிலை வகுப்பில் எஸ்கியூஎல் நடத்தும்போது, வியூ என்பது பெயரிட்டுச் சேமித்த வினவல் என்று ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிடுகிறோம். பெற்றோர் கூட்டத்துக்கு முந்தைய நாள் மாலை வரை நானும் அப்படித்தான் கடந்துகொண்டிருந்தேன்.

என் வகுப்பின் மதிப்பெண்களை மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் வைத்திருக்கிறேன். 'அறிக்கை' என்ற வியூவைத் திறந்தால் பெயர், மொத்தம், வருகை எல்லாம் வரும். செய்முறை மதிப்பெண்கள் எக்செல்லிலும் இருந்ததால், 'செய்முறை' அட்டவணை வேண்டாம் என்று தோன்றியது. முன்னெச்சரிக்கையாக 'ஷோ கிரியேட் வியூ' கட்டளையால் அறிக்கையின் வரையறையைப் பார்த்தேன். 'தேர்ச்சி', 'மாணவர்' என்ற இரண்டு பெயர்களே இருந்தன. அட்டவணையை நீக்கினேன். மைஎஸ்கியூஎல் தடுக்கவில்லை. அறிக்கையைத் திறந்தபோதுதான் பிழைச்செய்தி வந்தது. அதிலும் வியூவின் பெயர்தான் இருந்தது, காணாமல்போன அட்டவணையின் பெயர் இல்லை. பென்டிரைவில் பிரதி இருந்ததால் தப்பித்தேன். (போஸ்ட்கிரெஸ் என்றால், வேறு வியூ சார்ந்திருக்கிறது என்று சொல்லி நீக்கவே மறுத்திருக்கும்.)

நான் அட்டவணை என்று நினைத்த 'தேர்ச்சி' இன்னொரு வியூ. அது 'மொத்தம்', 'வருகைவீதம்' என்ற வியூக்களின் மேல் நிற்கிறது. மொத்தத்துக்குக் கீழே மாணவர், எழுத்துத்தேர்வு, செய்முறை அட்டவணைகள். வருகைவீதத்துக்குக் கீழே மாணவர், வருகை. நான் பார்த்தது ஒரு படி. செய்முறை இருந்தது மூன்றாம் படியில்.

மறுவாரம் இதையே கரும்பலகையில் மரமாக வரைந்தோம். ஒரு பெயரை எடுக்க வேண்டும். அட்டவணை என்றால் அங்கே நிறுத்தலாம். வியூ என்றால் அதன் வரையறையிலுள்ள ஒவ்வொரு பெயருக்கும் அதே கேள்வி. தற்சுழற்சிக்கு ஃபேக்டோரியலையே எத்தனை ஆண்டுகள் காட்டுவது? இது மாணவர்களுக்கு உடனே பிடித்தது.

"மாணவர் அட்டவணைக்கு மூணு கோடு வருதே டீச்சர், மூணு தடவை எழுதணுமா?" என்றாள் ஒருத்தி. கோடுகள் மூன்றும் வேண்டும், பட்டியலில் பெயர் ஒருமுறை போதும். கணினியில் இந்த வேலையை 'யூனியன்' செய்கிறது. 'யூனியன் ஆல்' போட்டால் பெயர் திரும்பத் திரும்ப வரும்.

மைஎஸ்கியூஎல் 8.0.13 முதல் இன்ஃபர்மேஷன் ஸ்கீமாவில் 'வியூ டேபிள் யூசேஜ்' என்ற பட்டியல் உண்டு. எந்த வியூ எதை நேரடியாகப் பயன்படுத்துகிறது என்று அது சொல்லும், ஆனால் ஒரு படி மட்டுமே. அதன்மேல் 'வித் ரிகர்சிவ்' வினவலை ஓட்டினால் அடிவரை இறங்கும். கிடைத்த பெயர்களில் வியூக்களைக் கழித்தால் மீதி அட்டவணைகள்: மாணவர், எழுத்துத்தேர்வு, செய்முறை, வருகை.

அட்டவணையை நீக்குமுன் கேட்க வேண்டியதோ எதிர்த்திசைக் கேள்வி: இதன் மேல் யார் நிற்கிறார்கள்? அதே பட்டியலை மறுபக்கத்திலிருந்து படித்தால் போதும். செய்முறையிலிருந்து மேலே ஏறிய மாணவர்கள் மொத்தம், தேர்ச்சி, அறிக்கை என மூன்று வியூக்களையும் ஐந்தே நிமிடத்தில் எழுதிவிட்டார்கள்.